ஒரு சாண் மாருத்

மணலூர்பேட்டையில் அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரிடமிருந்து கடிதம். அவருடைய மாணவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினானாம். நம் நாட்டு மாருத் போர் விமானம்தான். ஆனால் இறக்கையில் மூவண்ண வட்டத்தைக் காணோம். சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று வளையங்கள். வெள்ளை வளையத்தில் இரண்டு பச்சை நட்சத்திரங்கள். எகிப்து விமானப்படையின் பழைய சின்னம் அது. "எகிப்து நம்மிடம் விமானம் வாங்கியதா ஐயா, அல்லது யாரோ கட்டிவிட்ட கதையா? பையனுக்கு என்ன பதில் சொல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

என் சொந்த ஊரிலிருந்து கேள்வி வந்தால் எனக்குக் கை பரபரக்கும். முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது: எகிப்து வாங்கவில்லை. படத்தில் இருப்பது நிஜ விமானம் அல்ல, யாரோ மேசைமேல் வைத்துச் செய்த சிறு மாதிரி. 'வாட் இஃப்' என்ற வகை. வரலாறு ஓரிடத்தில் வேறு பக்கம் திரும்பியிருந்தால் இந்த விமானம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் செய்வது. இரண்டாம் பாதியைத்தான் ஒரு வரியில் முடிக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி ஒட்டி விமானம் செய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் பெட்டிமேல் போட்ட படம்போலவே செய்துவிட்டால் வேலை முடிந்தது. வாட் இஃப் செய்பவருக்குப் பெட்டிப் படம் கிடையாது. இறக்கை ஒரு பெட்டியிலிருந்து, மூக்கு இன்னொன்றிலிருந்து, சக்கரம் வேறெங்கிருந்தோ வரும். பொருந்தாத இடத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. என் சித்தப்பா திருக்கோவிலூரில் லாரிகளுக்குப் பட்டி பார்த்தவர். ஒட்டுப்போட்ட தகரத்தின்மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுவார். விரல் தட்டினால் திரும்பவும் தேய்க்கச் சொல்வார். அதே விரல்தான் இங்கும் வேண்டும். அதிலும் 72இல் ஒரு பங்கு அளவில் ஒரு மில்லிமீட்டர் மேடு என்பது நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டர் புடைப்பு.

வண்ணத்திலும் ஒரு சங்கதி உண்டு. நிஜ விமானத்துக்கு அடித்த அதே பச்சையை மாதிரிக்கு அடித்தால் இருண்டுபோய்த் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வைப்பார்கள். சங்கராபுரம் பக்கம் நின்று பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிறது, ஏறிப்போனால் பச்சை. சாண் நீள விமானத்தைப் பார்க்கும் கண், அதைத் தூரத்தில் நிற்கும் பெரிய விமானமாகவே எண்ணிக்கொள்கிறது. தூரத்துக்கு உரிய வெளிறலையும் சேர்த்துக் கேட்கிறது.

இந்தக் கலையின் சட்டம் ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் மட்டும் கற்பனை, மற்ற எல்லா இடத்திலும் உண்மை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகள் செதுக்கும் தெய்வத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் முகத்தின் நீளம் ஒரு தாளம், தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், நிற்கும் பெருந்தெய்வத்துக்குப் பத்துத் தாளம் என்ற கணக்கை மீற மாட்டார்கள். காணாத உருவம் என்பதால்தான் அளவு பிசகக் கூடாது. எகிப்துச் சின்னம் போட்ட மாருத்துக்கும் அதே விதிதான். சின்னத்தை மட்டும் ஒட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஏன் என்று சொல்ல மாருத்தின் கதைக்குள் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் குர்ட் டாங்க். போர் முடிந்ததும் அர்ஜென்டினா போனார், அங்கிருந்து 1956இல் பெங்களூரு வந்தார். போரின் கடைசியில் அவர் தலைமையில் காகிதத்தில் வரைந்து, பறக்காமலே போன டா 183 என்ற ஜெட் விமானம் வாட் இஃப் கைவினைஞர்களுக்கு இன்றும் செல்லப் பிள்ளை. அதே மனிதர் வரைந்ததுதான் எச்.எஃப்-24 மாருத்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எஞ்சின் வருவதற்கு முன்னால் நடந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்கென்று வரைந்த விமானத்தை முதலில் மரத்தால் செய்தார்கள். சாண் அளவில் அல்ல, முழு அளவில்! நீளமும் அகலமும் மாருத்துக்கு என்னவோ அதே. எக்ஸ்-241 என்று பெயர். எஞ்சின் கிடையாது. 1959இல் ஒரு டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி, மேலே இழுத்துப்போய், அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே விமானி உட்கார்ந்து, இந்த வடிவம் காற்றில் எப்படித் திரும்புகிறது, எப்படி இறங்குகிறது என்று பழகிப் பார்த்தார். 78 முறை பறந்தது. கடைசியில் முன்சக்கரம் விரியாமல் தரையில் உரசிச் சேதமானது. அதற்குள் அது சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியிருந்தது. 1961 ஜூன் 17 அன்று எஞ்சின் பூட்டிய மாருத்தை விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் பறக்கவிட்டார். மாதிரி செய்வது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மர விமானம்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டில் வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானமே ஒரு மாதிரியின் முதுகில் ஏறி வந்தது.

பிறகு வந்தது எஞ்சின் சோகம். பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினை நம்பி டாங்க் உடம்பை வரைந்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை தரும் ஜோடி. அந்த எஞ்சினை வளர்த்தெடுக்கும் பணத்தைப் பிரிட்டனும் போடவில்லை, நாமும் போடவில்லை. கிடைத்தது சாதாரண ஆர்ஃபியஸ் 703. ஒவ்வொன்றுக்கும் 2,200 கிலோ. ஆறு மாட்டு வண்டியில் நாலு மாட்டைப் பூட்டிய கதை. ஒலியைத் தாண்டப் பிறந்த உடம்பு அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. இருந்தும் 1971 போரில் லோங்கேவாலாவில் மாருத்துகள் நன்றாகவே உழைத்தன. வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. மொத்தம் 147 செய்தார்கள். 1990இல் ஓய்வு.

இனி அந்தப் பையனின் படத்துக்கு வருகிறேன். எகிப்து அதே காலத்தில் எச்.ஏ-300 என்ற சிறிய போர் விமானத்தைச் செய்துகொண்டிருந்தது. அதை வரைந்தவரும் ஜெர்மன்காரர்தான், வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். அதற்கான ஈ-300 எஞ்சினை ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் ஹெல்வானில் உருவாக்கினார். அவர்களிடம் எஞ்சின் இருந்தது, நம்மிடம் எஞ்சினுக்கு ஏங்கும் உடம்பு இருந்தது. எச்.ஏ-300 விமானத்தை 1964இல் முதலில் பறக்கவிட்டவரே நம் விமானப்படையின் கபில் பார்கவா. 1967இல் ஒரு மாருத் எகிப்திலேயே பறந்தது, அம்மா! ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், இன்னொரு பக்கம் ஈ-300. இரண்டு மாடும் இரண்டு வேகம். அந்த நிலையிலும் சோதனை நடந்தது. 1969இல் எகிப்து திட்டத்தைக் கைவிட்டது. இன்று ஒரு மாருத்தும் ஒரு எச்.ஏ-300உம் ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆகவே பையனின் படம் கட்டுக்கதை அல்ல. நடந்த கதையின் அடுத்த அத்தியாயம். ஈ-300 தேறியிருந்தால், அதைப் பூட்டிய மாருத்தை எகிப்தும் வாங்கியிருந்தால் என்பது அதன் கேள்வி. அதைச் செய்தவர் உண்மையானவரா என்று சோதிக்க வேண்டுமா? வாலைப் பாருங்கள். பெரிய எஞ்சினுக்குப் பின்னால் தகிக்கும் குழாய் நீளும், தடிக்கும். அதற்கேற்ப வால்புறம் பருத்திருக்க வேண்டும். பெரிய எஞ்சின் அதிகக் காற்று குடிக்கும், ஆகவே பக்கவாட்டில் காற்று புகும் வாய் அகன்றிருக்க வேண்டும். வால் பருத்தால் பின்னிழுப்பும் கூடும். பெங்களூருவில் ஆர்ஃபியஸுக்கே கூடுதல் உந்துவிசைக்காக எரிகுழாய் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொல்லை நிஜமாகவே வந்தது. அந்தச் சோதனை விமானம் ஒன்றில்தான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிர் விட்டார். ஆகவே வாலில் பூசும் ஒவ்வொரு விரல் பட்டியையும் நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

இவ்வளவு கதை உள்ள விமானத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் மனம் கசக்கிறது. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தைப் பார்க்கலாம், நல்லது. ஆனால் வெயிலில் நிறுத்தி, கேட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டை அடித்து, பெயர்ப்பலகைகூட இல்லாத பழைய விமானங்களை எத்தனையோ ஊர்களில் பார்த்துவிட்டேன். பள்ளியிலும் அப்படித்தான். கைவேலை வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். அளவு என்பதைப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு அளவு தெரியாது. அரம் பிடித்த பிள்ளைக்குத் தெரியும். மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், 72ஆல் வகுத்தால் 22 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பேச்சில் ஒரு சாண். இதைக் கையால் அளந்து பார்த்தவன் விகிதத்தை ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

ஆசிரியை அந்தப் பையனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். பெங்களூருவின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940இல் தொடங்கியது. உலகப் போருக்காக 48 கர்ட்டிஸ் ஹாக் போர் விமானங்கள் செய்ய அதற்கு ஆர்டர் இருந்தது. முதல் ஹாக் 1942 ஜூலையில் பறந்தது. சில விமானங்களோடு அந்த வேலை நின்று, தொழிற்சாலை அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கப் போய்விட்டது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டையிலோ அதே போருக்காகப் போட்ட ஓடுபாதை கிடக்கிறது. அந்த 48உம் முடிந்திருந்து, அதில் ஒன்று உளுந்தூர்பேட்டையில் வந்து இறங்கியிருந்தால்?

72இல் ஒரு பங்கில் ஹாக்கின் உடம்பு 12 சென்டிமீட்டர், இறக்கை முனைக்கு முனை 16. பெட்டி வாங்க வேண்டாம். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோயில் செய்யும் நெட்டி போதும், கத்திக்கு வெண்ணெய்போல் வரும். மேலே பச்சையும் மண் நிறமும், இரண்டிலும் ஒரு சொட்டு வெள்ளை. இறக்கையில் வட்டம் போடும்போது மட்டும் கவனம். 1943க்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் நடுவில் சிவப்பு கூடாது, வெளிர் நீலமும் கருநீலமும்தான். சிவப்புப் பொட்டைத் தூரத்தில் பார்த்து ஜப்பான் விமானம் என்று நம்மவர்களே சுட்டுவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து விமானங்களில் அதை எடுத்துவிட்டார்கள்.