சேலையிலும் வெள்ளி, சுவிட்சிலும் வெள்ளி!

குழந்தைகளே, ஆரணிக்கு அருகே கண்ணமங்கலத்தில் பட்டுச்சேலை நெய்கிறார்கள், தெரியுமா? அசல் ஜரிகையில் நூலைச் சுற்றியிருப்பது வெள்ளி. அதன்மேல் தங்கப் பூச்சு. அதே வெள்ளி, தரமான சுவிட்சுக்குள்ளும் கடுகளவு பொட்டாக ஒளிந்திருக்கிறது!

சுவிட்சை அணைக்கும்போது இரண்டு பொட்டுகள் பிரியும். அந்த இடைவெளியில் சட்டென்று ஒரு பொறி பறக்கும். அதன் வெப்பம் பல ஆயிரம் டிகிரி! ஒவ்வொரு பொறியும் பொட்டைக் கொஞ்சம் அரிக்கும். செம்பாக இருந்தால், மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். வெள்ளியின் ஆக்சைடோ சூட்டிலேயே பிரிந்துவிடும். ஆனால், சுத்த வெள்ளி உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அணைத்தாலும் விளக்கு அணையாதே! அதனால்தான் வெள்ளீய ஆக்சைடு போன்றவற்றைக் கலக்கிறார்கள்.

தேய்ந்த பொட்டு சரியாகத் தொடாது, சூடேறும். சுவிட்ச் 'கிர்ர்' என்றாலோ, தொட்டால் சுட்டாலோ உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் கழற்றிப் பார்க்கவே கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் மாற்றுவார்.