படகில்லாத போட் மெயில்

சென்னைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இன்றும் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் "போட் மெயில்". அதில் பிரயாணம் செய்பவர் எவரும் படகில் ஏறுவதில்லை. ஏற விரும்பினாலும் அங்கே படகு கிடையாது. ஆறு வற்றிப் பல வருஷங்களான பின்னும் ஊருக்கு ஆற்றூர் என்ற பெயர் மாறாதது போல, இந்த ரயிலையும் பழைய பெயர் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

1914-ஆம் வருஷம் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, எழும்பூரில் சீட்டு வாங்கியவர் அதே சீட்டுடன் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம் என்ற ஏற்பாடு உண்டாயிற்று. தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறினால், 20 மைல் சொச்சம் கடலைக் கடந்து தலைமன்னார். அங்கே துறையிலேயே கொழும்பு ரயில் காத்திருக்கும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த ஊரை நோக்கி வந்துகொண்டிருந்த ரயில் ஒன்றும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளும் கடலுக்கு இரையாயினர். அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் போய்வந்தது. இலங்கையில் 1983-இல் போர் மூண்ட பிறகு அதுவும் நின்றது.

அக்கரைக்குப் போகும் தமிழ்நாட்டார் முதலில் திகைப்பது சாப்பாட்டு வேளையில்தான். நம் வீடுகளில் இலையில் சாதம் விழுந்தால் அதற்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் சாம்பார், பிறகு ரசம், முடிவில் மோர். அங்கேயோ சோற்றைச் சுற்றி நாலைந்து கறிகள் ஒரே சமயத்தில் வந்து அமர்ந்துவிடும். சோறும் மல்லிகைப் பூப்போல் வெளுத்திராது. பெரும்பாலும் சிவப்பரிசிச் சோறு. தேங்காய் நம் சமையலில் விருந்தாளி என்றால், அங்கே அதுதான் வீட்டு எஜமானி. சம்பலில் மாசிக் கருவாடு கலப்பதும் உண்டு. ஆதலால் மரக்கறி உணவினர் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம்.

ஆனால் இந்தத் திகைப்பு நெடுநேரம் நிற்பதில்லை. இடியாப்பத்தின்மேல் ஊற்றச் சொதி வந்தவுடன், "அடடா, இது எங்கள் கலியாண வீட்டுச் சொதி அல்லவா?" என்று திருநெல்வேலிக்காரர் நிமிர்ந்து உட்காருவார். சிங்களச் சகோதரர்கள் வருஷப் பிறப்பன்று பாலைப் பொங்கவிட்டுப் பாற்சோறு சமைக்கிறார்கள். அவர்களுடைய வருஷம் பிறப்பதும் நம்முடைய சித்திரை பிறப்பதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான். ரொட்டிக்கு அங்குள்ள தமிழர் சொல்லும் "பாண்" என்ற பெயர் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொத்து. நம் வீட்டுச் சன்னலும் அலமாரியும் சாவியும் அதே கப்பலில் வந்தவையாதலால், அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

காலையில் நமக்குக் காப்பி, அவர்களுக்குத் தேத்தண்ணீர். பால் விடாத தேத்தண்ணீரைக் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பருகுவது அங்கே வழக்கம். ஆயினும் இலங்கை மலைகள் ஒரு காலத்தில் காப்பி விளைந்த மலைகளே. 1869-இல் தோன்றிய இலை நோயால் காப்பிச் செடிகள் மாய்ந்தன. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்காகக் காடு திருத்தியவர்களும், தேயிலைக்காகக் கூடை சுமந்தவர்களும் யார்? பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி நம் கிராமங்களை விட்டுப் போன ஏழை ஜனங்கள். ரயில் வருவதற்கு முன் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நோய்க்கும் பசிக்கும் இரையாகி அவ்வழியிலேயே விழுந்தவர் பலர்.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு விஜயம் செய்து கதர் நிதி திரட்டியபோது, மலைத் தோட்டங்களிலிருந்தும் காசு வந்தது. பின்னர் 1947 ஆகஸ்டில் இந்தியாவும், 1948 பிப்ரவரியில் இலங்கையும் சுதந்திரம் பெற்றன. அதே 1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தினால், அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தேசத்துக்கும் உரியரல்லாதவராயினர். தனுஷ்கோடிப் புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 1964 அக்டோபரில், இரு தேசத்துப் பிரதமர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு யோசிப்பது! பாகப் பிரிவினையில் பாத்திரங்களைக்கூட இவ்வளவு விரைவாக எண்ணிவிட மாட்டார்கள்.

லட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் பலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. இலங்கையில் அவர்களை "இந்தியாக்காரர்" என்றார்கள். இங்கே "சிலோன்காரர்" என்றார்கள். அங்கேயே தங்கி அதுவரை நாடற்றவராய் இருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் ஒன்று 2003-இல் பிறந்தது. தேசபக்தியுள்ள நாம் எல்லைக்கோட்டை மதிக்கவேண்டியதுதான். ஆனால் அந்தக் கோடு யாருடைய முதுகின்மேல் போடப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

போட் மெயிலும் கப்பலும் சேர்ந்து ஓடிய நாட்களில் இரு கரைத் தண்டவாளங்களும் ஒத்திருக்கவில்லை. நம் பக்கம் மீட்டர் கேஜ். அவர்கள் பக்கம் ஐந்தரை அடி அகலப் பாதை. இருந்தும் ஜனங்கள் ஒரே சீட்டில் போய் வந்தார்கள். 2007-இல் இராமேசுவரம் பாதையும் ஐந்தரை அடியாயிற்று. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை இந்தியாவின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2015-இல் திறக்கப்பட்டது. 2025-இல் பாம்பனில் புதிய பாலமும் எழுந்தது. இன்று இரு கரைகளிலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றே. இணைக்கும் கப்பல்தான் இல்லை.

வேறு துறையில் ஒரு சிறு வழி பிறந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் புறப்பட்டது; நின்றது; 2024-இல் மறுபடியும் புறப்பட்டது. அதில் செல்லும் நேயர்கள் யாழ்ப்பாணத்தோடு திரும்பிவிடாமல் மலைநாட்டுக்கும் போகவேண்டும். அங்கே தேத்தண்ணீர் கொடுக்கும் பெரியவரிடம், பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டனார் சொல்லிக் கேட்ட ஓர் ஊரின் பெயரை அவர் சொல்லக்கூடும். அது உங்கள் ஊராகவே இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.