கடவுளிடமும் சந்தா கேட்டவர்

நகைச்சுவைக் கதையைப் படித்ததும், "ஆசிரியரின் நோக்கம் சிரிக்க வைப்பது" என்று எழுதி முடித்துவிடும் மாணவர்கள் உண்டு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கேட்டால்தான் நோக்கம் பிடிபடும்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் தெருவில் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் பிள்ளை விழுந்து கும்பிடவில்லை. தாம் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா சேர்க்கப் பார்க்கிறார். பிள்ளை கெட்டவரா? இல்லை. கடவுளை வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்க வைப்பவரும் அவரே. சந்தா அவருடைய பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ சின்னதாகக் கடை வைத்திருப்பவருக்கு இவரை உடனே அடையாளம் தெரியும்!

அடி விழுவது வேறிடத்தில். பிழைப்புக்காகக் கடவுள் தேவியோடு சேர்ந்து, கலை அறிந்தவர் என்று பெயர் வாங்கிய திவான் பகதூர் முன்னே ஆடிக் காட்டுகிறார். அவரோ நிஜப் பாம்பும் நிஜப் புலித்தோலும் கலை ஆகாது, பாம்பு மாதிரி நகையும் புலித்தோல் மாதிரி பட்டும் வேண்டும் என்று தள்ளிவிடுகிறார். பிள்ளையிடம் செல்லமாகக் கிண்டல் செய்த ஆசிரியர், இவரிடம் இரக்கமே காட்டவில்லை.

கடைசியில் கடவுள் 25 ரூபாய் சந்தா கட்டிவிட்டு மறைகிறார். பிள்ளை மறக்காமல் அதை வரவு வைக்கிறார்.