கொட்டு... சொட்டு!

மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலையில் முண்டாசு, முகத்தில் மனைவியின் பழைய துப்பட்டா, கையில் விளக்குமாறு சகிதம் ஹால் ஜன்னலை நோக்கி முன்னேறிக் கொண்டிருந்தேன். போருக்குப் போகிற மன்னர்கள்கூட இத்தனை முஸ்தீபு செய்திருக்க மாட்டார்கள். எதிரி யார் என்கிறீர்களா? ஜன்னல் மூலையில் பெரிய நெல்லிக்காய் சைஸில் ஒட்டிக் கொண்டிருந்த மண் உருண்டை. குளவிக் கூடு!

"அப்பா, தொடாதே! அது குகை. உள்ளே பாப்பா இருக்கு!"

குறுக்கே வந்து நின்றவள் என் மகள். நாலாம் வகுப்பு. கையில் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டு வந்த படப் புத்தகம். எந்தெந்தப் பிராணிக்கு எங்கெங்கே வீடு என்கிற விஷயம். வௌவாலுக்குக் குகை, குளவிக்கு மண் கூடு என்று பக்கத்துக்குப் பக்கம் கலர் படம்.

"குளவிக் கூட்டைக் கலைக்காதேடா. வீட்டுல விசேஷம் வரும்னு சொல்வாங்க" என்றாள் அம்மா. சமையலறையிலிருந்து மனைவி ஒரு பார்வை பார்த்தாள். விளக்குமாறைக் கீழே போட்டு விட்டேன்.

போரில்தான் தோற்றோம், அறிவிலாவது ஜெயிப்போம் என்று ஆரம்பித்தேன். "உள்ளே என்ன நடக்குது தெரியுமா கண்ணு? அம்மா குளவி ஒரு புழுவைப் பிடிச்சுட்டு வந்து உள்ளே வெச்சுக் கொட்டிக்கிட்டே இருக்கும். கொட்டக் கொட்ட அந்தப் புழுவே குளவியா மாறிடும்!"

இந்த ஞானத்தை எனக்கு வழங்கியவர் ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். "கொட்டக் கொட்டத்தான்டா புழு குளவியாகும்!" என்று சொல்லிக் கொண்டே ஆள்காட்டி விரலை மடக்கி உச்சந்தலையில் 'ணங்'கென்று ஒன்று வைப்பார். நாற்பது புழுக்கள் இருந்த வகுப்பு. ஒன்றாவது குளவியானதாக எனக்குத் தகவல் இல்லை.

மகள் புத்தகத்தைப் புரட்டினாள். "தப்புப்பா. புழு குளவி ஆகாது. சாப்பாடு ஆயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கிப் படித்தேன். நீங்களும் கேளுங்கள்.

இந்தக் குளவி ஈர மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டு வந்து குட்டிப் பானை மாதிரி கூடு கட்டும். உள்ளே ஒரே ஒரு முட்டை. அதைக் கூரையிலிருந்து மெல்லிய நூலில் தொங்க விடும். பிறகு பச்சைப் புழுக்களைத் தேடிப் போகும். பிடித்த புழுவைக் கொட்டும். ஆனால் கொல்லாது. நரம்பு முடிச்சில் விஷம் இறங்கியதும் புழு மரத்துப் போய்க் கிடக்கும். செத்தால் அழுகி விடுமே! ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் சாப்பாடு கெடாமல் இருக்க அம்மாக் குளவியின் ஏற்பாடு இது. பானை நிறைந்ததும் வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சும் பார்க்கப் புழு மாதிரிதான் இருக்கும். வைத்திருக்கும் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து, சுவரைத் துளைத்துக் கொண்டு வெளியே வரும்.

நம் பெரியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. புழு உள்ளே போவதைப் பார்த்தார்கள். குளவி வெளியே வருவதையும் பார்த்தார்கள். முதல் ஸீனும் கிளைமாக்ஸும் சரி. நடுவில் உள்ள கதை பானைக்குள் நடந்ததால், அதை அவர்களே எழுதிக் கொண்டார்கள். உவமையாக அழகுதான். பிரம்பெடுத்தவர்கள் கையில் கிடைத்ததுதான் வினை.

புத்தகத்தில் இன்னொரு தகவல்: கொட்டும் கொடுக்கு பெண் குளவிக்கு மட்டும்தான். ஆண் குளவியால் கொட்ட முடியாது. நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

இந்த மர்மத்தில் துப்பறிந்தவர்களில் முக்கியமானவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். பிரான்ஸ் நாட்டு ழான் ஆன்றி ஃபேபர் (1823-1915). வண்டு பிடிக்கும் ஒரு குளவியைப் பற்றி லியோன் டூஃபூர் என்ற டாக்டர் எழுதிய கட்டுரை அவர் கைக்குக் கிடைத்தது. கூட்டில் உள்ள வண்டுகள் செத்தும் கெடாமல் இருப்பதற்குக் காரணம், குளவியின் விஷம் ஊறுகாய்க்கு உப்பு போல வேலை செய்வதுதான் என்று அதில் இருந்தது. எழுதியவர் பெரிய ஆள். 'ஆமாம் சாமி' போட்டிருக்கலாம். ஃபேபர் தானே போய்ப் பார்த்தார். வண்டுகள் சாகவேயில்லை, அசைய முடியாமல் கிடக்கின்றன என்று கண்டுபிடித்து 1855-ல் எழுதினார். பிற்பாடு பூச்சிகளைப் பற்றி அவர் எழுதியது பத்துப் பாகம். எல்லாம் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு 'நிஜமா?' என்று கேட்டதில் தொடங்கியது.

என் மகளும் அதைத்தான் கேட்டாள். ஆனால் பூச்சியைப் பற்றி அல்ல.

"அப்ப புதன்கிழமை என் தலையில ஏன்பா கொட்டின?"

வகுத்தல் கணக்கு. மூன்றாவது தடவையும் மீதி தப்பாக வந்தது. ஆபீஸில் மேனேஜர் கொட்டியதை வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்கி வைத்திருந்தேன். வாத்தியார் சொன்ன அதே டயலாக்கோடு! பதில் சொல்லத் தெரியாமல் துப்பட்டாவை மடித்துக் கொண்டிருந்தேன்.

அவளே பேச்சை மாற்றினாள். பக்கத்தைத் திருப்பி, "இது நாம பார்த்த குகைப்பா!" என்றாள்.

போன வருஷ லீவில் ஆந்திராவின் அரக்குப் பக்கம் போரா குகைக்குப் போயிருந்தோம். எனக்குத் தெரிந்த குகை எல்லாம் 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த அலிபாபா படத்துக் குகைதான். உள்ளே கூரையிலிருந்து ஆலம் விழுது மாதிரி கல் தொங்கியது. "கல் எப்படிப்பா தொங்கும்?" என்று கேட்டாள். "அது அப்படித்தான். சீக்கிரம் வா, ரெயிலுக்கு நேரமாச்சு" என்றேன். அந்தக் கேள்வியை அவள் ஒரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

பதில் இதுதான். மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக் கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. குகைக் கூரைக்கு வந்ததும் வாயு பிரிந்துவிட, ஒவ்வொரு சொட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு சுண்ணாம்பை விட்டுப் போகிறது. அது சேர்ந்து சேர்ந்து விழுதாகிறது. கீழே விழும் சொட்டு தரையிலிருந்து ஒரு கல்லை எழுப்புகிறது. இரண்டும் சந்தித்தால் தூண். நூறு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பல இடங்களில் அதுவே அதிகம்! எந்தச் சொட்டும் அவசரப்படுவதில்லை. யார் தலையிலும் கொட்டுவதும் இல்லை.

அன்று ராத்திரி வகுத்தல் கணக்கை மறுபடி எடுத்தோம். புளியங்கொட்டையைப் பரப்பி, ஏழு ஏழாகக் கூறு போட்டோம். நாலு தடவை தப்பு. ஐந்தாவது தடவை மீதி சரியாக வந்தது. என் விரல் இரண்டு முறை தானாக மடங்கியது உண்மை. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஜன்னலில் தனியாகக் கூடு கட்டும் இந்த மண் குளவி, நாம் சீண்டாதவரை தன் வேலையைப் பார்த்துக் கொண்டு போய்விடும். மரத்திலும் மாடியிலும் பெரிய கூடு கட்டிக் கூட்டமாக இருக்கும் கதண்டு வேறு சமாசாரம். அங்கே ஆராய்ச்சி வேண்டாம். தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள்.

நேற்றுக் காலை நான் ஆபீஸுக்கு ஷூ மாட்டிக் கொண்டிருந்தபோது ஜன்னலிலிருந்து கூச்சல். "அப்பா, ஓடி வா! பாப்பா போயிடுச்சு!"

மண் பானையில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே காலி. இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். 8.40 ரெயிலை விட்டு விட்டேன். மேனேஜர் கொட்டினார்.

பரவாயில்லை. அதை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை.