தண்ணீர்மலைப் படிகளும் தேகாப்பியாச சாஸ்திரமும்

தைப்பூசத்துக்கு மறுநாள் ஜுருவிலும் பிறையிலும் பல வீடுகளில், தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறி முருகனைத் தரிசித்துத் திரும்பியவர்கள், உட்காரவும் மாட்டாமல் உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் மாட்டாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு தவிப்பதும், தைலம் தேய்த்தபடி ஏறிய களைப்பை நொந்துகொள்வதும் ஆண்டுதோறும் நடக்கிற காரியம். உண்மையில் அந்த வலிக்குப் பெரும்பாலும் ஏறினது காரணமன்று, இறங்கினதே காரணம். ஏறுகையில் தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்குகையிலோ அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், பழக்கமற்ற நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகி, ஓரிரு நாட்களில் வலி உச்சத்தை அடைகிறது. சில வாரங்களுக்குள் மீண்டும் அதே படிகளில் இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு அதற்குள் கரைந்துபோகிறது.

படி ஏறியிறங்குவதே ஒருவனுக்குத் தொழிலாக வாய்த்தால் என்ன ஆகும் என்பதை ஜெரமி மாரிஸ் என்னும் வைத்திய நிபுணர் லண்டன் மாநகரின் மாடி பஸ்களில் கண்டறிந்தார். நாள் முழுதும் உட்கார்ந்தே வண்டியோட்டும் டிரைவர்களையும், டிக்கெட் கொடுக்கும் பொருட்டு மேலுக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள்வரை ஏறியிறங்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, கண்டக்டர்களுக்கே இருதய நோய் குறைவு என்று அவரும் சகாக்களும் 1953இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். பருத்த சரீரிகளே டிரைவர் வேலைக்கு வந்திருக்கலாம் அல்லவா என்ற ஆட்சேபத்துக்காகச் சீருடைகளின் இடுப்பளவைக்கூட மாரிஸ் விசாரித்தார். டிரைவர்கள் பருமன்தான், ஆயினும் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே மேலான நிலையில் இருந்தார்கள். தையற்காரனின் அளவு நாடாவைச் சாட்சிக்கு இழுத்த அந்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இருட்டோடு எழுந்து, பால்மரக் காட்டில் மரத்துக்கு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டி, காண்டா வாளியில் பாலைச் சுமந்து நடந்த நம் பாட்டன் பாட்டிகள் கண்டக்டர் வகுப்பைச் சேர்ந்தவர்கள். தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் போய், இருந்த இடத்திலேயே வேலை பார்த்து, திரும்பும் வழியில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துக்கொள்ளும் பேரப்பிள்ளைகளோ டிரைவர் வகுப்பு. மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்ததும், இனவாரியாகப் பார்க்கையில் இந்தியர்களே முன்னணியில் நின்றதும் யாவரும் அறிந்த துக்கம்.

இந்த வியாதிக்கும் தசைக்கும் உள்ள சம்பந்தம் நெருக்கமானது. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேலை ஓய்ந்த பின்னும் ஏறக்குறைய ஒரு நாளோ இரண்டு நாளோ இன்சுலினுக்குச் செவிசாய்க்கிறது. பிறகு பழைய மந்தம் திரும்பிவிடுகிறது. ஆகையினால்தான் தொடர்ந்தாற்போல் இரண்டு நாட்களுக்குமேல் இடைவெளி விடலாகாது என்று நீரிழிவு வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். தைப்பூசத்தை முன்னிட்டு இருக்கும் மண்டல விரதம் அதிகாலையில் எழுவதையும் ஆகார நியமத்தையும் எவ்வளவோ அழகாகக் கற்பிக்கிறது. மாசி பிறந்ததும் அதையும் அதோடு சேர்ந்த நடையையும் கைவிட்டால், நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே சம்பாதித்த மூச்சுத் தெம்பு குறையத் தொடங்குகிறதே என்பதுதான் என் மனத்தாங்கல்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் விதித்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி. மிதம் என்பதை அளக்கக் கருவி வேண்டியதில்லை: புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தோகுன் காட்டுப்பாதையில் பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிந்து, காவடிச் சிந்தை மூச்சு அறாமல் பாட முடியாவிட்டால் அதுவே மிதம். பத்து நிமிஷத்தில் தொடங்கி, உடம்பு பழகியபின் நேரத்தையும், அதன்பின் ஏற்றத்தையும் கூட்டுவதே கிரமம். மார்வலி உள்ளவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியையும் சொல்லியிருக்கிறது. அது பயில்வான்களுக்கென்று ஒதுக்கிவிடும் தாய்மார்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணும்வரை மெல்ல உட்காருவதை எட்டோ பத்தோ முறை செய்துபார்க்கலாம். சுலபமாகிவிட்டால், சற்றே தாழ்ந்த நாற்காலிக்கு மாறலாம்.