வறண்ட நிலத்துக் கோதுமை

குனோங் ராபாட்டுக்குப் பெயர் தேடித் தந்த ஹியோங் பியாவுக்கும், ஈப்போவின் ஒட்டுக்கடைகளில் வீசிப் போடப்படும் ரொட்டி சானாய்க்கும் வேண்டிய கோதுமை, மலேசியாவில் வணிகப் பயிராக விளைவதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழியும் பேராக்கின் வெக்கையும் ஈரமும் அப்பயிருக்கு ஒவ்வாதவை. ஆகவே அது கப்பலேறி வருகிறது. அதில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவுடையது. அந்நாட்டுக் கோதுமை நிலங்களிற் பலவோ ஆண்டு முழுவதற்கும் 300 முதல் 400 மில்லிமீட்டர் மழையே காண்பவை. அவ்வளவு குறைந்த நீரில் உலகச் சந்தைக்குத் தானியம் விளைகிறதென்றால், அதற்கு உழவரின் உழைப்போடு, நூறாண்டுக்கும் மேலான பயிர்ப் பெருக்க ஆய்வும் காரணம். அந்த ஆய்வில் இந்திய மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்றைய கான்பராவுக்கு அருகே தம் பண்ணையில் ஆய்வு செய்த வில்லியம் ஃபேரர், ஐரோப்பிய வகைகள் கோடை வெப்பம் தாக்கும்வரை முதிராமல் நிற்பதைக் கண்டு, விரைவில் கதிர் விடும் இந்தியக் கோதுமைகளைத் தம் கலப்புகளிற் சேர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட 'ஃபெடரேஷன்' வகையின் முன்னோர்களில் 'எட்டாவா' என்னும் இந்திய வகையும் ஒன்று. மண்ணின் ஈரம் தீருமுன் மணியை நிரப்பிவிடும் இப்பண்பை, வறட்சியைத் தாங்குதல் என்பதைவிட வறட்சிக்கு முந்திக்கொள்ளுதல் என்பதே பொருந்தும்.

புதிய வகையை உருவாக்கும் பணி மெதுவானது. பால்மரத்தில், தேர்ந்த மரத்தின் மொட்டை இளங்கன்றில் ஒட்டுக் கட்டினால் தாய்மரத்தின் குணம் அப்படியே வாய்த்துவிடும் என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர். விதையால் பெருகும் கோதுமைக்கு அந்த வசதி இல்லை. அது தன் பூந்தூளாலேயே சூல் கொள்வதால், ஆய்வாளர் ஒரு கதிரின் மகரந்தப்பைகளை முதிருமுன் நீக்கி, வேறு வகையின் தூளை அதில் இட வேண்டும். பின்னர்ச் சிதறிப் பிரியும் வழித்தோன்றல்களை ஆறேழு தலைமுறைகள் வடித்தெடுத்தால்தான் குணம் நிலைக்கும்.

வறட்சியை வெல்லும் ஒற்றை மரபணு என ஒன்று கிடையாது; பல சிறு பண்புகளின் கூட்டே பயனளிக்கிறது. அவற்றுள் அறிஞர்களை நெடுங்காலம் திணறடித்தது, குறைந்த நீரைச் செலவிட்டு மிகுதியாக வளரும் செடியைக் கண்டறிவது. இலையின் மேற்பரப்பிலுள்ள இலைத்துளைகள் வழியே கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) உள்ளே வரும்போது நீராவி வெளியேறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான செடிகளில் இந்த வரவையும் செலவையும் நேரடியாக அளப்பது நடவாத காரியம். ஆனால் அதற்கு ஒரு மறைமுக வழி உண்டு. கரிவளியிலுள்ள கார்பன் அணுக்களில் மிகுதியாக இருக்கும் கார்பன்-12-ஐச் செடி விரும்பி ஏற்கிறது, சற்றே எடை கூடிய கார்பன்-13-ஐ ஒதுக்குகிறது. உள்ளே வரும் வளியை நன்றாகப் பயன்படுத்தும் செடியில் இந்த ஒதுக்கம் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை இலைத்தூளில் இவ்விரண்டின் விகிதத்தை அளந்தாலே செடியின் நீர்ச்சிக்கனம் புலப்படும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான கிரகாம் ஃபார்குவரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும் 1984-இல் காட்டினர். அதன் விளைவாக 2002-இல் 'டிரைஸ்டேல்', அடுத்த ஆண்டில் 'ரீஸ்' ஆகிய வகைகள் வெளிவந்தன. மழை குறைந்த இடங்களில் மட்டுமே இப்பண்பின் பயன் தெளிவாகத் தெரிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1960-களில் மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமைகள், பாசனமும் உரமும் கிடைத்த வயல்களில் விளைச்சலைப் பெருக்கிப் பஞ்ச அச்சத்தைத் தணித்தன. ஆனால் தண்டைக் குட்டையாக்கிய அதே மரபணுக்கள், மண்ணைத் துளைத்து மேலெழும் முளையுறையையும் குட்டையாக்கின. மேல்மண் காய்ந்து அடியில் மட்டும் ஈரம் தங்கும் மானாவாரி நிலத்தில் விதையை ஆழமாக இட வேண்டியிருப்பதால், அங்கே நெடிய பழைய வகையான சி 306 தன் இடத்தை விடாமல் காத்துக்கொண்டது. அதன் குறை துருநோய். நீலகிரியில் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம், ஒரு காட்டுப்புல் உறவினத்திலிருந்து கோதுமைக்கு வந்த எதிர்ப்பு மரபணுவை மீண்டும் மீண்டும் கலப்பு செய்து சி 306-இல் பதித்து, எச்.டபிள்யூ 2004 என்னும் வகையை உருவாக்கியது. துருநோய்ப் பூசணம் நீலகிரி, பழனி மலைகளில் ஆண்டு முழுவதும் வாழ்வதால் அந்த நிலையம் எதிர்ப்புச் சோதனைக்கு உகந்த களமாயிற்று. வடக்கே அறுவடை முடிந்த கோடையிலும் அங்கே கோதுமை விளைவதால், ஓராண்டில் இரு தலைமுறைகளை வளர்க்கவும் முடிகிறது. தமிழ் மண்ணில் நடந்த இந்த அரும்பணி தமிழரிடையே போதிய அளவு பேசப்படவில்லை.

தண்டு குட்டையாகவும் முளையுறை நீளமாகவும் அமைய உதவும் மாற்று மரபணுக்களை ஆஸ்திரேலியர் இப்போது வகைகளிற் சேர்த்து வருகின்றனர். ஆழ விதைப்போடு இவை இணைந்தால் அந்நாட்டின் கோதுமை விளைச்சல் 18 முதல் 20 விழுக்காடு உயரக்கூடும் என 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

ஒரு கலப்பு, விதையாகி உழவரின் கையைச் சேரப் பத்தாண்டுகள்வரை ஆகிறது. அடுத்த பெரும் வறட்சிக்கு வேண்டிய வகையை இன்றே கலந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு விளைவிக்கும் நாடுகளுடையது மட்டுமன்று. கோதுமைக்கு முற்றிலும் பிறரை நம்பியிருக்கும் மலேசியா போன்ற நாடுகளும் இந்த ஆய்வுச் செலவில் பங்கேற்பதே முறையாகும்.