நல வாரிய உறுப்பினர் பதிவு: முகவரை நம்பலாம், எந்த அளவுக்கு?

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நல வாரியங்கள், 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின் அடிப்படையில் அமைந்தவை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான வாரியம் 1994இல் தொடங்கியது. தையல், சலவை, முடிதிருத்தம், வீட்டு வேலை, விசைத்தறி, ஆட்டோ ஓட்டுதல், தெருவோர வணிகம் எனப் பல தொழில்களுக்கும் இன்று வாரியங்கள் உள்ளன.

தென்காசி மாவட்டத்தில் இவற்றின் தேவை பெரிது. குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுவோருக்கும் பழம் விற்போருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலமே முதன்மையான வருமானக் காலம். சங்கரன்கோவிலின் விசைத்தறித் தொழிலாளருக்குத் தறி நின்றால் கூலியும் நிற்கும். விபத்து, பிரசவம், பிள்ளைகளின் படிப்பு, முதுமை ஆகியவற்றுக்கு இவர்கள் உரிமையுடன் கேட்டுப் பெறக்கூடிய உதவி, வாரிய உறுப்பினர் அட்டை வழியாக வருகிறது.

பதிவு நடக்கும் விதம்

பதிவு இப்போது இணையவழியில் நடக்கிறது. தொழிலாளர் நேரடியாகப் பதியலாம்; இ-சேவை மையத்தின் உதவியையும் பெறலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், பணிச் சான்று ஆகியவை தேவை. 18 வயது நிறைந்து 60 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். பிறருக்காகப் பதிந்து தரும் முகவர் செய்வது விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவது மட்டுமே. உறுப்பினராக ஏற்பதா என்பதை முடிவு செய்வது தொழிலாளர் துறை. “என் கையில்தான் ஒப்புதல் இருக்கிறது” என்று ஒருவர் பணம் கேட்டால் அது பொய்.

ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் பதிவு வேறு. 2021 ஆகஸ்ட் 26இல் தொடங்கப்பட்ட அதில், 16 முதல் 59 வயது வரையுள்ளோர் 12 இலக்க எண் பெறுகிறார்கள். வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுவோர் அதில் சேர முடியாது. அந்த நிதி பிடிக்கப்படும் பீடித் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இ-ஷ்ரமில் பெயர் இருப்பதால் மாநில வாரியத்தில் உறுப்பினர் ஆகிவிட்டதாகக் கருதக் கூடாது.

எங்கே ஆபத்து

முதல் ஆபத்து கைபேசி எண். தொழிலாளரின் எண்ணுக்குப் பதில் முகவர் தன் எண்ணைப் பதிந்துவிட்டால், கைபேசிக்கு வரும் கடவு எண்ணும் (ஓடிபி) தகவல்களும் அவருக்கே போகும். புதுப்பித்தல், உதவித்தொகை, ஓய்வூதியம் என ஒவ்வொன்றுக்கும் அவரிடமே போய் நிற்க நேரும்.

இரண்டாவது கைரேகை. ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் கைரேகை வைத்தால் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். எதற்காக வைக்கிறோம் என்று கேட்காமல் கருவியில் விரல் வைக்கக் கூடாது. தேவையில்லாத நேரங்களில் ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு.

மூன்றாவது பொய்ச் சான்று. செய்யாத தொழிலைச் செய்வதாகக் காட்டிச் சேர்ந்தவரின் உறுப்பினர் பதிவு ரத்தாகலாம். உதவித்தொகை கேட்கும் நாளில் உண்மை வெளிப்பட்டால், இழப்பு முகவருக்கு அல்ல, குடும்பத்துக்கே.

தொழிலாளரின் உரிமைகள்

வாரியம் பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை. இ-ஷ்ரம் புதிய பதிவும் இலவசம். இ-சேவை மையத்தில் நிர்ணயித்த சேவைக் கட்டணத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்கலாம். விண்ணப்பத்தை அனுப்பும் முன் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், வங்கிக் கணக்கு, வாரிசு ஆகியவற்றைத் திரையில் படித்துக் காட்டச் சொல்லலாம். விண்ணப்ப எண்ணையும், பின்னர் உறுப்பினர் அட்டையையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அசல் ஆவணங்களை யாரிடமும் விட்டுவரக் கூடாது.

தவறு நடந்தால்

விவரங்கள் தவறாகப் பதிவாகியிருந்தாலோ, அட்டை மறுக்கப்பட்டாலோ, தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். அங்கு தீராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம், முதலமைச்சரின் உதவி மையமான 1100 ஆகிய வழிகள் உள்ளன. விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாம் நபரால் நடந்த முறைகேட்டை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தல். மற்றவரின் கடவுச்சொல்லையோ அடையாள விவரத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

தட்டச்சு செய்ய இன்னொருவர் உதவலாம். ஆனால் கைபேசி எண், கடவு எண், கைரேகை, அட்டை ஆகிய நான்கும் தொழிலாளரிடமே இருக்க வேண்டும். சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களும் படித்த பிள்ளைகளும் இதை ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.